மலையம்மாள் முறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம், கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை காலையில் நொச்சியோடைப்பட்டிக் கரையில் விழுந்த ஒழுக்கை மலையம்மாள் தன் முதுகைச் சாய்த்து அடைத்தாள். மத்தியானம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதாக இருந்தது. பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

நொச்சியோடைப்பட்டி என்பது அலங்காநல்லூருக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில், நாற்பத்தொரு குடும்பம் உள்ள ஊர். அங்கே இருந்தது சர்க்கார் கண்மாய் அல்ல. கருத்தக்கண்ணன் அம்பலம் தம் சொந்த நிலத்தில், சொந்த வண்டி மாட்டை விட்டு மண் அடித்து, ஓடையை மறித்துக் கட்டிய மண்கரை. உயரம் மூன்று ஆள். ஒரு மடை, மிஞ்சின தண்ணீர் வழிய ஒரு கலுங்கு, கரைமேல் பதினொரு புளியங்கன்று, கிழக்குக் கோடியில் ஒரு கருப்பசாமி. கரைக்குக் கீழே இருந்த வயல் அத்தனையும் அம்பலத்துடையது, உழுதவர்கள் ஊர்க்காரர்கள். தண்ணீர் அவருடையது, கரையைக் காப்பாற்றுவது ஊருடைய வேலை. இதில் அநியாயம் ஏதும் இருப்பதாக அந்தக் காலத்தில் ஊருக்குத் தோன்றவில்லை. அம்பலத்துக்கு எப்படித் தோன்றும்?

கரை காப்பதற்கு முறைக்கம்பு என்று ஒன்று இருந்தது. ஆத்தி மரத்தில் செதுக்கிய கைத்தடி அது. எந்த வீட்டு வாசலில் கம்பு சாத்தியிருக்கிறதோ அன்றைக்கு அந்த வீட்டு ஆள் கரைக்குப் போக வேண்டும். சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் வந்து நிற்க, முறைக்காரர் தம் கையை நீட்டிக் கம்பைக் கொடுத்தால்தான் முறை மாறும். புருஷன் உள்ள வீடு முழுத் தலைக்கட்டு, ஒரு நாள் முறை. புருஷன் செத்தவள் தனியாக அடுப்பு மூட்டும் வீடு அரைக்கட்டு, அரைநாள் முறை. ஊரில் அரைக்கட்டு இரண்டு இருந்தன. காலையில் மலையம்மாள், மத்தியானத்திலிருந்து சீனியம்மாள். அரைக்கட்டுக்காரி கையிலிருந்து அரைக்கட்டுக்காரிதான் கம்பு வாங்கலாம்; இரண்டு அரையும் சேர்ந்து ஒரு நாள் நிறைந்த பிறகுதான் கம்பு கருப்பசாமி காலடிக்குப் போய், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். தாலி உள்ள வீட்டார் வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். சத்தியம் செய்யும்போது கார்த்திகை மழையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஒன்பது நாள் விடாமல் அடைத்துப் பெய்தது. ஒன்பதாம் நாள் காலையில் கரையின் அடிவாரத்தில், வெளிப்பக்கம், தொடை கனத்துக்கு ஒரு ஒழுக்கு பீய்ச்சிக்கொண்டு விழுந்தது. வைக்கோற்பிரியைத் திணித்தார்கள், துப்பியது. இலந்தை முள்ளைத் திணித்தார்கள், துப்பியது. மணல்மூட்டை நான்கையும் ஒரு உடைந்த வண்டிச் சக்கரத்தையும் விழுங்கிவிட்டு மறுபடியும் துப்பியது. கம்பு அன்று மலையம்மாள் வாசலில் இருந்தது. அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. புருஷன் மாட்டுக்காரன், முந்தின ஆடியில் வாந்திபேதியில் போய்விட்டான். நாலு வயது மகள் செல்லக்கிளியை மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் இன்னாசியம்மாள் வீட்டில் விட்டு, "மத்தியானம் வந்துருவேன்டி, டீச்சரம்மாவப் படுத்தாத" என்று சொல்லிவிட்டுக் கம்பும் கூடையுமாக வந்தாள். இருபது கூடை மண் சுமந்த பிறகு கால் வழுக்கி, ஒழுக்கின் மேலேயே மல்லாக்கச் சாய்ந்தாள். ஒழுக்கு நின்றது.

கரைமேல் நின்றவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மலையம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். தண்ணீர் அவள் தோளைத் தாண்டிப் பீய்ச்சியது. சாய்ந்தாள், நின்றது. விருமாண்டி என்ற கெட்டிக்காரன் அவளை நகரச் சொல்லிவிட்டுத் தன் முதுகை வைத்துப் பார்த்தான். ஒழுக்கு அவனைத் தூக்கி வாய்க்காலில் போட்டது.

"அசையாம இரு ஆத்தா. அப்படியே இரு," என்றார் அம்பலம்.

"மத்தியானம் வரைக்குந்தானய்யா?"

"பின்னே? சீனியம்மா வந்து கை மாத்திக்கிருவா."

சீனியம்மாள் வரவில்லை. அவள் மகள் பேறுகாலத்துக்காக வண்டியூர் போயிருந்தாள். ஆள் அனுப்பினார்கள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "அதுக்கென்ன, தெப்பம் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி அனுப்பினாள். எந்த வருஷத்துத் தெப்பம் என்று சொல்லவில்லை. ஏழு தெப்பம் பார்த்துவிட்டு வண்டியூரிலேயே கண்ணை மூடினாள். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை, நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

மழை விட்டது. ஊர்க்காரர்கள் மலையம்மாள் தலைக்கு மேலே நாலு பனையோலையைச் செருகினார்கள். வீட்டுக்கு ஒரு நாள் என்று கஞ்சி கொண்டு போக ஏற்பாடு ஆனது. மற்ற உபாதைகள் எல்லாம் எப்படி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவை முதல் மாதத்தோடு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டன. பங்குனியில் கண்மாய் வற்றியதும் மதுரையிலிருந்து கொத்தனார் வந்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் தயார். "இப்ப எந்திரி" என்றார்கள். மலையம்மாள் விடுதலையாகிவிட்ட சந்தோஷத்தில் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். உள்ளே கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, வெளியே கரை அடியிலிருந்து தொடை கனத்துக்குத் தண்ணீர் கொட்டுகிறது. கொத்தனாரின் சுண்ணாம்புத் தொட்டி அடித்துக்கொண்டு போனது. அவர் கூலியைக்கூடக் கேட்காமல் மூட்டையைக் கட்டினார். பங்குனி வெயிலில் அம்பலத்தின் கரும்புக்கு அந்தத் தண்ணீர் பாய்ந்ததை அம்பலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு அவளை மறுபடியும் உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கொத்தனாரைக் கூப்பிடவே இல்லை. வேண்டும் என்கிற நாளில் ஆள் வந்து, "அய்யா குனியச் சொன்னாக" என்பான். மலையம்மாள் முன்னால் குனிவாள். வாழைக்குப் பாய்ந்ததும், "போதுமாம்" என்பான். சாய்ந்துகொள்வாள். ஒவ்வொரு தடவை குனிந்து நிமிரும்போதும் அவள் தலையில் ஒரு கொத்து முடி வெளுத்தது. முப்பது வயதில் தலை முழுக்கப் பஞ்சாகிவிட்டது. ஊரெல்லாம் பஞ்சம் என்றால்கூட நொச்சியோடைப்பட்டியில் அம்பலத்தின் வாழை குலை தள்ளியது.

ஒருமுறை மராமத்து இலாகா ஓவர்சியர் ஒருவர் குதிரையில் அந்த வழியாகப் போனார். இன்னாசியம்மாள் அவரை மறித்து, ஒரு பெண்பிள்ளையை இப்படி உட்கார வைத்திருக்கிறார்களே என்று முறையிட்டாள். நல்ல மனிதர்; இறங்கி வந்து பார்த்தார். மலையம்மாளைக் குனியச் சொன்னார், சாயச் சொன்னார், அளவுச் சங்கிலியை எடுத்து அவள் தோளிலிருந்து தோள் வரை அளந்தார். பிறகு தம் நோட்டில், "தனியாருக்குச் சொந்தமான கரை. நம் பொறுப்பில் வராது" என்று எழுதி, அம்பலம் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஆக, ஒரே வழிதான் மிச்சம். ஊரில் இன்னொரு அரைக்கட்டு உண்டாக வேண்டும். எவளாவது ஒருத்தி தாலி அறுத்து, தனியாக அடுப்பு மூட்ட வேண்டும். அவள் வந்து நின்றால் மலையம்மாள் கையை நீட்டிக் கம்பைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். இது மலையம்மாளுக்குத் தெரியும், ஊரிலுள்ள அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

இருபத்தேழாம் வருஷம் அந்தக் கெட்டிக்கார விருமாண்டி பாம்பு கடித்துச் செத்தான். கொட்டுச் சத்தம் கேட்டதும் மலையம்மாள் கஞ்சிச் சட்டித் தண்ணீரில் முகம் கழுவி, முடியை அள்ளிச் செருகி, முறைக்கம்பை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து விருமாண்டி பெண்டாட்டி அழகம்மாள் வருவாள் என்று கணக்கு. மூன்றாம் நாளே அழகம்மாளின் கொழுந்தன் கடப்பாரையை எடுத்து அண்ணன் வீட்டு அடுப்பை இடித்துவிட்டான். அடுப்பு இல்லாவிட்டால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் அரைக்கட்டு இல்லை. அழகம்மாள் கொழுந்தன் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் ஒண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊரில் அதுவே வழக்கமாகிவிட்டது. புருஷன் மூச்சு இழுக்கும்போதே கடப்பாரையைத் தேடுவார்கள். பாடை கட்டுவதற்கு முன்னால் அடுப்பு இடிந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் இருபத்தாறு ஆம்பளைகள் செத்தார்கள், இருபத்தாறு அடுப்புகள் இடிந்தன, ஒரு அரைக்கட்டுகூட உண்டாகவில்லை. அண்ணன் தம்பி வீட்டில் இடமில்லாத பெண்கள் பிறந்த ஊருக்கு நடந்தார்கள். பிறந்த ஊரும் இல்லாத ஒருத்தி தான் இடித்த அடுப்பின் மேலேயே உட்கார்ந்து பட்டினி கிடந்து செத்தாள். அவள் உயிரோடு இருந்தவரை புகை வராமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மலையம்மாளுக்கு முதுகு வழியாக எல்லாம் கேட்க ஆரம்பித்திருந்தது. எத்தனை எருமை தண்ணீரில் இறங்கியது, எத்தனை கெண்டை குஞ்சு பொரித்தது என்பது முதலில். பிறகு கரை வழியாக ஊர். யார் வீட்டில் எந்த ஆம்பளை இருமுகிறான், எவன் இருமலில் சளி, எவன் இருமலில் ரத்தம் என்று துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு இருமலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை. கரைமேல் இருந்த கருப்பசாமியை அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. முன்னால் பார்த்தபடியே கும்பிட்டாள். முதல் நாலைந்து வருஷம், என்னை எழுப்பிவிடு சாமி என்று கேட்டாள். எழுப்பாததால் பிறகு விவரமாகக் கேட்டாள்.

"ஒரு தாலி அறுந்தாப் போதும் கருப்பா. எவ தாலியா இருந்தாலுஞ் சரி. எனக்கு இன்னாரு அன்னாருன்னு இல்ல."

முதல் தடவை இதைச் சொன்னபோது அவளுக்கே நாக்குக் கூசியது. இரண்டு நாள் கஞ்சி இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. காலையில் கண் விழித்ததும் ஒரு தடவை, உச்சிப்பொழுதில் ஒரு தடவை. உச்சிப்பொழுதுதானே அவள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம்.

செல்லக்கிளி இன்னாசியம்மாள் வீட்டில் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் கரைக்கு வந்து ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதுவாள். தலை நரைக்க நரைக்க ஆத்தாவுக்குப் பேன் பார்ப்பாள். ஒன்றாம் வகுப்பில், "ஏத்தா, மத்தியானம் ஆச்சா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள், மூன்றாம் வகுப்பில் கேட்பதை நிறுத்திவிட்டாள். முப்பத்தாறாம் வருஷம் இன்னாசியம்மாள் மாற்றலாகி மதுரைக்குப் போகிற சமயத்தில், மதுரையை ஒட்டிய ஆனையூரில் இருந்த மில் தொழிலாளி நல்லகாமனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். நல்ல பையன், சிரித்த முகம். கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் எழுந்து போய்வர அம்பலத்திடம் மலையம்மாள் ஆள் அனுப்பிக் கேட்டாள். அம்பலத்துக்குக் கோபம்கூட வரவில்லை. "தாலியறுத்தவ கல்யாண வீட்டுல வந்து என்ன செய்யப் போறா? இங்கனயே இருந்து வாழ்த்துனா ஆகாதாமா?" என்றார். ஊரில் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மாட்டு வண்டியில் பொண்ணும் மாப்பிள்ளையும் கரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை குனிந்து காலைத் தொட்டபோது, மலையம்மாள் ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கிவிட்டு, அரைக்கட்டுக் கை ஆகாது என்று கீழே போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் வழக்கம் போலக் கருப்பனிடம் ஒரு தாலி கேட்டாள். அவள் கேட்டது ஊர்த் தாலியை. ஊர்த் தாலி என்று அவள் தனியாகச் சொல்லவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அரிசிக்கு ரேஷன் வந்த வருஷம், கஞ்சி தண்ணீராகிவிட்டிருந்தது. மலையம்மாள் உச்சிவெயிலில் ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் வீட்டுக் கூரை தெரியும். பத்தொன்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. அந்தக் கூரைக்கு மேலே புகை எழும்பியது.

முதலில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தாள். இல்லை, அடுப்புப் புகை, மெல்லிசாக, நேராக. அவள் மட்டுமா பார்த்தாள், ஊரே பார்த்தது. இருமல் சத்தங்களெல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. கொஞ்ச நேரத்தில் ஊருக்குள்ளிருந்து கொட்டுச் சத்தம். சாவுக் கொட்டு இல்லை, சாமிக் கொட்டு. தங்கப்பொண்ணு என்பவள், அன்றைக்குக் கஞ்சி முறைக்காரி, கரைமேல் ஓடி வந்தாள். அவள் புருஷனுக்கு ஆறு மாதமாக இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் கடப்பாரையைக் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்திருந்தவள்.

"அக்கா, உன் வீட்டுல அடுப்பு எரியுதுக்கா! அரைக்கட்டு வந்துருச்சு! தாலியறுத்தவதான், ஊரே பாத்துருச்சு. நீ எந்திரிக்கப் போற!"

"எவடி அவ? எவளா இருந்தாலும் மகராசியா இருக்கட்டும்டி!" என்றாள் மலையம்மாள். "எம் முடியக் கொஞ்சம் கோதி விடு. சிக்காக் கெடக்கு."

தங்கப்பொண்ணு முடியைக் கோதினாள், முகத்தைக் காட்டவில்லை. "வாரா பாரு" என்று மட்டும் சொன்னாள்.

வரப்பு வழியாகக் கூட்டம் வந்தது. முன்னால் அம்பலம், அப்போது அறுபது வயது, குடை பிடித்துக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண், வெள்ளைச் சேலை, நெற்றியில் ஒன்றுமில்லை. ஒரு கையில் மூன்று வயதுப் பெண்குழந்தை. இன்னொரு கையில் மூடி போட்ட கஞ்சிச் சட்டி. நடையைப் பார்த்ததுமே மலையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பார்த்து வளர்ந்த நடை. சாயங்காலம் நாலரை மணிக்குச் சிலேட்டை ஆட்டிக்கொண்டு வரும் நடை.

நல்லகாமன் அந்த ஆடியில் வாந்திபேதியில் போய்விட்டான். அவன் அண்ணன் தம்பிகள் இருபது நாள் சோறு போட்டுவிட்டு, ரேஷன் அரிசி தங்களுக்கே பத்தவில்லை என்றார்கள். ஆத்தா பக்கத்தில் போய் இருந்துவிடலாம் என்று செல்லக்கிளி அலங்காநல்லூர் வரை வண்டியிலும், பிறகு நடந்தும் வந்தாள். வந்ததும் நேரே கரைக்குப் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிள்ளை பசிக்கிறது என்று அழுதது. பூட்டை உடைத்து, ஆத்தாவுக்கும் சேர்த்தே ஒரு சட்டி கஞ்சி வைத்துக்கொண்டு போவோம் என்று அடுப்பை மூட்டினாள். இந்த ஊரில் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்று பட்டணத்தில் குடும்பம் நடத்தியவளுக்கு ஞாபகம் இல்லை. ஊர்க்காரர்கள் கஞ்சி கொதிப்பதற்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஆத்தா, எந்திரி. நான் உக்காருறேன்," என்றாள் செல்லக்கிளி. அவள் அழவில்லை, ஆனையூரிலேயே அழுது முடித்திருந்தாள்.

"கிட்ட வராத. அங்கனயே நில்லு."

"பத்தொம்பது வருசமாச்சு ஆத்தா. எந்திரி."

"நாந்தாண்டி கேட்டேன்," என்றாள் மலையம்மாள். ஊர் கேட்கிறதே என்று அவள் பார்க்கவில்லை. "ஒரு தாலி அறுக்கச் சொல்லி நாந்தான் கருப்பன்கிட்ட தெனமும் கேட்டேன். உன் தாலியக் கேட்டுருக்கேன் பாவி."

"நீ கேட்டா உடனே செய்றதுக்கு சாமிக்கு வேற சோலி இல்லையாக்கும். எந்திரிக்கணும்னும்தான் கேட்ட. எங்க எழுப்புச்சு?"

அம்பலம் தொண்டையைச் செருமினார். "நேரமாகுது. கையை நீட்டிக் கம்பக் குடு மலையம்மா. உன் முறை முடிஞ்சிருச்சு."

மலையம்மாள் கம்பை எடுத்து மடியில் செருகினாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கரை மண்ணுக்குள் சொருகினாள். மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று. ஈரமண் வாங்கிக்கொண்டது. "எம் முறை முடியல," என்றாள். "நீட்டக் கையில்ல. யாருக்குக் குடுக்க?"

அடேயப்பா, அதன் பிறகு ஊர் பட்ட அவஸ்தை. நாலு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. அம்பலம் தம் சல்லிக்கட்டு மாடுகளில் இரண்டைக் கொண்டுவரச் சொன்னார். வடக்கயிற்றை மலையம்மாள் இடுப்பில் கட்டி மாட்டை அடித்தார்கள். மாடுகள் இரண்டு எட்டு வைத்துவிட்டு மண்டியிட்டுப் படுத்துக்கொண்டன. அப்புறம் எத்தனை அடித்தும் எழுந்திருக்கவில்லை. கயிறு இறுகிய இடத்தில் மலையம்மாளுக்குச் சதை கிழிந்து ரத்தம் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பலம் யோசித்தார். அவர் கத்துகிற மனிதர் அல்ல. "கஞ்சிய நிறுத்துங்க," என்றார். "முறைக்காரி செத்துட்டா, உரிமைக்காரி கம்ப எடுத்துக்கிறணும். அதுவும் முறைதான்." செல்லக்கிளி கொண்டுவந்த சட்டியை வாங்கி மாட்டுக்கு ஊற்றினார்கள். கரைக்கு இரண்டு ஆள் காவல் போட்டார்கள். மகள் பார்க்கலாம், பேசலாம், எதையும் கொடுக்கக்கூடாது.

பதினான்கு நாள் ஆயிற்று. செல்லக்கிளி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை முதல் சாயங்காலம் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். தலை சீவிவிட மட்டும் காவல்காரர்கள் அனுமதித்தார்கள். அப்படிச் சீவும்போது ஒரு நாள் மலையம்மாள் மெல்லிய குரலில் கேட்டாள்.

"இந்த ஊருல ஒருத்தி செத்தா எப்படிடி தெரியும்?"

"கொட்டு அடிப்பாக."

"கொட்டு எப்ப அடிப்பாக?"

செல்லக்கிளிக்குப் புரிந்துவிட்டது. சீப்பு நின்றது. உரிமைக்காரி முதலில் வாய்விட்டு அழுதால்தான் அந்த ஊரில் கொட்டு எழும்பும். அழுகை இல்லாமல் கொட்டு இல்லை. கொட்டு இல்லாமல் பாடை இல்லை, கருமாதி இல்லை. அதெல்லாம் இல்லாவிட்டால் ஆள் செத்ததாகக் கணக்கே இல்லை. மலையம்மாளுக்கு இரத்த உறவு என்று அழ ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"அழுதுராத," என்றாள் மலையம்மாள். "எங்கயும் அழாத. மறந்து போயிக்கூட அழுதுராத. பிள்ளையக் கூட்டிட்டு டீச்சரம்மாகிட்டப் போயிரு."

"ஒன்னையப் போட்டுட்டு எப்படி ஆத்தா?"

"மத்தியானம் வந்துருவேன்னு சொல்லிட்டு வந்தேன்ல. இன்னும் மத்தியானம் ஆகலன்னு வச்சுக்க."

பதினைந்தாம் நாள், பட்டப்பகலில், ஊரே கூடி நிற்க, மலையம்மாளுக்கு மூச்சு நின்றது. காவல்காரன் மூக்கில் நூலை வைத்துப் பார்த்தான், நூல் ஆடவில்லை. கொட்டுக்காரர்கள் கொட்டுகளை நெருப்பில் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார்கள். எல்லாரும் செல்லக்கிளியைப் பார்த்தார்கள். செல்லக்கிளி வாயை மூடிக்கொண்டு நின்றாள். "அழு தாயி, பெத்தவ போயிட்டா, அழு" என்றாள் தங்கப்பொண்ணு, கன்னத்தைத் தடவியபடி. அழகம்மாள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்து வைத்தாள், தொற்றிக்கொள்ளும் என்று. யாரோ குழந்தையைக் கிள்ளினார்கள். குழந்தை வீறிட்டது, அது கிள்ளியதற்கு அழுகிறது, சாவுக்கு அழவில்லை என்று கொட்டுக்காரர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் அவளை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். நின்றாள். உதடு வெடித்து ரத்தம் வந்ததே தவிர, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் வரவில்லை. மூன்றாம் நாள் ஆத்தா வீட்டுக்குப் போய்க் கடப்பாரையால் அடுப்பைத் தானே இடித்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூர் பாதையில் நடந்தாள். அரைக்கட்டு இல்லாத பெண்ணை மறிக்க முறையில் இடமில்லை. அம்பலம் குடையை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

மலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாகாதவளுக்குக் கஞ்சி கொடுக்காமல் இருப்பது பாவம் என்று பதினெட்டாம் நாள் முதல் மறுபடியும் வீட்டு முறைப்படி கஞ்சி போக ஆரம்பித்தது. காலையில் வைத்த சட்டி சாயங்காலம் காலியாக இருந்தது. கயிறு கிழித்த புண் ஆறியது. முடி வளர்ந்தது. "அய்யா குனியச் சொன்னாக" என்று ஆள் வந்து சொன்னதற்கு மட்டும் அவள் குனியவில்லை. அது ஒன்றுதான் மாறுதல். வாழை காய்ந்தது, அம்பலம் அதற்குப் பதில் கேழ்வரகு போட்டார். அவர் நாற்பத்தாறாம் வருஷம், பேரன் பேத்திகள் சூழ, தூக்கத்தில் நல்ல சாவாகச் செத்தார். அவர் பெண்டாட்டிக்கு அடுப்பை இடித்தது மூத்த மகன். மறு வருஷம் மகன்கள் கரையை மதுரை நூல் வியாபாரி ஒருவருக்கு விற்றார்கள். பத்திரத்தில், மண்கரை ஒன்று, மடை ஒன்று, கலுங்கு ஒன்று, காய்க்கும் புளியமரம் பதினொன்று, முறைக்காரி ஒன்று என்று எழுதியிருந்தது. ரிஜிஸ்தர் குமாஸ்தா எழுத்துப் பிழை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை வைத்தார்.

செல்லக்கிளி ஆனையூரில், இன்னாசியம்மாள் பார்த்துக் கொடுத்த வீட்டில் குடியிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, கார்த்திகையில், சீப்பும் விளக்கெண்ணெயும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் ஆத்தாவுக்குத் தலை சீவிவிட்டு வருவாள். ரேஷன் சமாசாரமும் பேத்தி படிக்கிற வகுப்பும் சொல்லிவிட்டு, "வாரேன் ஆத்தா" என்று எழுந்துகொள்வாள். அழமாட்டாள். இன்னாசியம்மாள் செத்தபோதும் அழவில்லை, மகளுக்கு அம்மை போட்டு இரண்டு நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோதும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அந்தத் தெருவில் பேர் வாங்கியிருந்தாள். அவள் குடிவந்த வருஷமே அந்த வீட்டுக் கிணறு உப்புக் கரித்துப்போனது. அதுவரை தெருவுக்கே குடிதண்ணீர் கொடுத்த கிணறு. அக்கம்பக்கத்தார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கிணற்றுக்குப் போய்க்கொண்டார்கள். செல்லக்கிளி அந்தத் தண்ணீரிலேயே துணி துவைத்துக்கொண்டாள்.